சின்னம்மாவின் வயிற்றில் அலையடித்த நாட்கள்

எங்கள் சின்னம்மாவின் வயிறு பெரிதாகத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. எர்ணாவூர் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் குழந்தை இல்லை. ஆகவே வயிறு எதற்காகப் பெரிதாகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தெருப் பெண்களுக்கும் கொஞ்ச நாள் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா மாங்காய் கீறி, மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தனுப்புவார். சின்னம்மா இரண்டு துண்டு தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்பாள். மீதியெல்லாம் எனக்கு. குழந்தை சீக்கிரம் வரக்கூடாது என்றுகூட அப்போது நினைத்திருக்கிறேன்.

கரு இல்லை என்று பக்கத்து கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிட்டது எனக்குத் தெரியாது. வெறும் கேஸ், வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் வேறு நிறத்தில் மாத்திரை. சின்னம்மா விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்து, அண்ணா நகர் வரை கொண்டுபோய் வீடு வீடாக விற்பவள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டால், "ஒரு நாள் போவலன்னா வாடிக்கை பூடும்கா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்திருப்பாள். ஜன்னலில் தொங்கிய பச்சைச் சேலை வழியே வெயில் வந்து அறையே கடலடி போல ஆகிவிடும். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் பெரிய மீன்களைப் போல உறுமிக்கொண்டு கடந்து போகும். நான் அவள் வயிற்றில் காதை வைப்பேன். அவள் சற்றுப் புரண்டால் உள்ளே தண்ணீர் மெல்ல அசையும்.

"இன்னாடி கேக்குது?"

"அலை அடிக்குது சின்னம்மா. பாப்பா நீந்திகினு கீது."

அவள் சிரிப்பாள். இல்லை என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "அப்ப நீயே ஒரு பேரு வெய்யி" என்றாள். கடலரசி என்று வைத்தேன். அப்படியே தூங்கிப்போவேன். கடலரசி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைத் தண்ணீரில் நீந்துவாள்.

கால்களும் வீங்கிய பிறகுதான் அம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனுக்கு ஒரு மாதம் தள்ளித் தேதி கிடைத்தது. பிறகு வேறொரு ஆஸ்பத்திரி, வேறொரு வரிசை. ஒருநாள் சின்னம்மா தட்டையான வயிற்றோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நான் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, "பாப்பா எங்க?" என்றேன். அம்மா என்னை அறைந்தாள்.

"புள்ளய அடிக்காதக்கா, அதுக்கு இன்னா தெரியும்" என்ற சின்னம்மா என்னை அணைத்துக்கொண்டாள். "தண்ணிய மட்டுந்தான் எடுத்தாங்க கண்ணு."

"அப்ப பாப்பா உள்ளயே கீதா?"

என் தலையைக் கோதியபடி, "கீது" என்றாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், விலாசம் விசாரித்துக்கொண்டு ஒரு டீச்சரம்மா வந்தார். சின்னம்மாவின் அண்ணா நகர் வாடிக்கை. தலையில் ஓர் அங்குலம்தான் முடி இருந்தது. படத்தின் முன்னால் நின்றுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் சினைப்பையிலதாம்மா கேன்சர். வயிறு உப்புசமா இருக்குன்னு போனேன். அன்னிக்கே ஸ்கேன் எடுத்தாங்க. அடுத்த வாரமே ஆபரேஷன். இப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க." அம்மாவின் பக்கம் திரும்பி, "அவளுக்கு எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு முன்னாலம்மா."

டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அப்பதான். புடவை இறுக்குதுன்னு ரெண்டு பேரும் வாசல்ல நின்னு சிரிச்சோம். அப்புறம் நான் ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டேன். அவளப் பாக்கவே இல்ல."

இருவரும் அழுதார்கள். எனக்கோ அது சந்தோஷமான ஒற்றுமையாகத்தான் பட்டது, வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவதைப் போல. இதில் அழ என்ன இருக்கிறது என்று விளங்காமல், அந்தக் குட்டை முடியைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் என் பக்கம் தலையைச் சாய்த்தார். மெத்தென்று இருந்தது.