பெயிண்ட் பாஸ் வீட்டம்மா வரைஞ்ச படங்கள்

கறிக்குப் போஞ்சி, அதான் பீன்ஸ், நார் எடுத்துக்கிட்டே இதை எழுதுறேன். நாலு போஞ்சி, ஒரு வரி. அதனால தாள் அங்கங்க பச்சையா இருக்கும், மன்னிச்சுக்குங்க.

சுவர்ல படம் வரையுற தொழில்ல பெரிய தொந்தரவு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பின்னால வந்து நின்னு பாக்குற ஆளுங்கதான். என்னை மாதிரிக் கூச்சப்பட்டுக்கிட்டு, இடுப்புல பிள்ளையோட பிரஷ் பிடிக்கிற சகோதரிங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆறாம் ஆண்டோட என் படிப்பு நின்னுச்சு. தேயிலைத் தோட்டத்துல நாங்க இருந்த லயத்துச் சுவர்தான் என் முதல் தாள். செங்கல் துண்டு, அடுப்புக்கரி, துணிக்குப் போடுற நீலம், இவ்வளவுதான் கலர். கல்யாணம் கட்டி மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரர் பெயிண்ட் பாஸ், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு. அவரு டின்கள்ல மிஞ்சினதை எடுத்து நான் வரைய ஆரம்பிச்சேன். அவருக்கு நேர்கோடு அழகா வரும், ஒரு இலை வராது. ஆனா ஏணி தூக்குறதும் அவரு, ஆளுங்ககிட்ட பேசுறதும் அவரு. அதனால படம் வரையுறதும் அவருதான், நான் சும்மா கலர் நிரப்புற கையாள்னு ஊரே நம்பிருச்சு. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு.

மேலே ஏறின ஏலக்காய்

எங்க ரோட்டுல, வெளிநாட்டுக்காரங்களுக்கு மிளகு, கறுவா, கொக்கோ எல்லாம் காட்டுற தோட்டம் ஒண்ணு இருக்கு. அதோட வாசல் பலகைக்கு ஏலக்காய்ச் செடி வரையச் சொன்னாங்க. ஏலக்காய் செடியோட அடியில, மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். நான் அப்பிடியே வரைஞ்சேன்.

தோட்டத்து மாத்தயா, அதான் முதலாளி, வந்து பாத்தாரு. பிரஷ் என் கையில, பேச்சு எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவரு சிங்களத்துல சொன்னதைத் தமிழ்ல சொல்றேன்: “ஏலக்காய் எங்க காய்க்கும்னு எனக்குத் தெரியும் பாஸ். ஆனா வேன்ல போறவன் குனிஞ்சு பாக்க மாட்டானே, மேல தொங்க விடு!”

கிளி போன பிறகு

கிளி வரைஞ்சா மத்தவங்க கண்ணைக் கடைசியா வைப்பாங்க. நான் முதல்ல வைப்பேன். பாப்பா எப்ப அழுவான்னு தெரியாது. பாதியில விட்டுட்டு ஓடினாலும், கண்ணு இருந்தா அது கிளின்னு தெரியும். கண்ணு இல்லைன்னா வெறும் பச்சைதான்.

மாத்தளை டவுன்ல ஒரு ஹாஜியாரோட பலசரக்குக் கடை. மிளகுக் கொடி வரையச் சொன்னாரு. மூலை ஒண்ணு காலியா இருக்கேன்னு நானா ஒரு கிளியை வச்சுட்டேன். பறவை, மிருகம்னு உசிருள்ளதோட படம் அவங்க மார்க்கத்துக்கு ஆகாது, கடையில வேணாம்னு அவரு பதமாத்தான் சொன்னாரு. நான் கிளி மேல ஒரு பெரிய மிளகு இலையை வரைஞ்சு மூடினேன். மறுநாள் காய்ஞ்ச பிறகு பாத்தா, கண்ணு மட்டும் லேசா மேல வந்திருக்கு. ஹாஜியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்ப மாட்டி, கிட்டப் போயி பாத்தாரு. “வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க மகள், கிளி போயிடிச்சி. ஆனா அந்த எல இன்னும் என்னயே பாத்துக்கிட்டிருக்கு.”

ரெண்டு கோட்

ஹாஜியார் கடைக் கொடியைப் பாத்துட்டு ஒரு பாலர் பாடசாலை மிஸ் எங்க வீட்டுக்கே வந்தாங்க. பெரிய மதில் ஒண்ணு இருக்காம், முழுக்கப் படம் வேணுமாம். அந்த மதிலை எனக்குத் தெரியும். பஸ்ல போறப்பெல்லாம் அதுல மனசாலயே யானை வரைஞ்சு பாத்திருக்கேன்.

மிஸ் எங்க வீட்டுக்காரரைத்தான் கேட்டாங்க, “எதைப் பாத்து வரையுறீங்க? உங்களுக்கு யோசனை எப்பிடி வருது?” அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, “முதல்ல சுவர் ஓட்டைக்குப் பட்டி வைக்கணும் மிஸ், அப்புறம் பெயிண்ட் ரெண்டு கோட்” அப்பிடின்னாரு. மிஸ் முகம் வாடிப்போச்சு. கண்டியில ஒருத்தர் இருக்காராம், அவரைக் கேட்டுப் பாக்குறேன்னு எந்திரிச்சுட்டாங்க. செருப்பு கூட மாட்டியாச்சு.

என் மதில் நடந்து போகுது. நான் கதவுக்குப் பின்னால பாப்பாவோட நிக்கிறேன். எப்பிடியோ வெளிய வந்து, மிஸ்ஸோட செருப்பைப் பாத்து, “வரையுறது நான்தான் மிஸ்” அப்பிடின்னேன். எதைப் பாத்துன்னு திரும்பவும் கேட்டாங்க. “பால் குடுக்குறப்ப அசைய முடியாதுல்ல, அப்ப எதிர்ல என்ன இருக்கோ அதையே பாத்துக்கிட்டிருப்பேன். பெறகு அதை வரைவேன்.” மிஸ் செருப்பைக் கழட்டிட்டுத் திரும்ப உள்ள வந்து உக்காந்தாங்க. எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “நீங்க அந்த ரெண்டு கோட்டை அடிச்சுக் குடுத்திட்டுத் தள்ளி நின்னா போதும்” அப்பிடின்னாங்க.

பேர்

வேலை முடிஞ்சதும் பேர் போடச் சொன்னாங்க மிஸ். யானையை ஒரு நாள்ல வரைஞ்சவ நான், பேர் போட ரெண்டு நாள் இழுத்தேன். கடைசியில யானையோட கால்கிட்ட, ரொம்பச் சின்னதா, செல்வராணின்னு எழுதினேன்.

மறுநாள் காலையில ஒரு குட்டிப் பையன் அங்கேயே குந்திட்டான். என்ன எழுதியிருக்குன்னு அவங்க அம்மா வாசிச்சுக் காட்டினாங்க. அவன் யானையை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு என்கிட்ட கேட்டான், “ஆன்ட்டி, செல்வராணிக்குச் சாப்பாடு போட்டாச்சா?”

வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க. எங்க வீட்டுக்காரரை “பாஸ்”னும் இல்லை, “அண்ணன்”னும் இல்லை, என்னை “செல்வராணி அக்கா”ன்னு. மொத்தத்துல, சுவர்ல பேர் போடுறதுல உள்ள ஒரே கஷ்டம் என்னன்னா, இனிமே யாரு வந்து கேட்டாலும் நானே எந்திரிச்சுப் போயி, வாயைத் தொறந்து பேச… இருங்க, திரும்பவும் கூப்பிடுறாங்க, போயிட்டு வர்றேன்.