பாகலூர் போர்வெல்லில் ஒரு படகுப் பெட்டி

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லியில் பெங்களூர் பஸ் ஏறினேன். ஓசூருக்கு டிக்கெட் 365 ரூபாய். மடியில் ஒரு டிபன் டப்பா. அதற்குள் டிபன் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு மின்னணுத் திசைகாட்டி இருந்தது. பச்சைக் குழந்தையைப் போல அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். என்னிடமும் மனைவி மல்லிகாவிடமும் பதினான்கு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் பந்தயப் படகு இருக்கிறது. எஞ்சின் கிடையாது, காற்றுதான். சென்னைக் கடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம். சுக்கான் மல்லிகா கையில். முன்பாய் என் கையில். அதோடு கருவிகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. படகு எந்தத் திசையில் போகிறது, என்ன வேகம், தொடக்கக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அந்தக் கருவி எண்ணில் காட்டும். நான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

முதல் கருவி, படகு கவிழ்ந்தபோது தாங்கியோடு பிய்ந்து கடலுக்குள் போய்விட்டது. இரண்டாவது கருவி பிய்யவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வீட்டு வாளியில் ஒரு மணி நேரம் அமுக்கிச் சோதித்துவிட்டுத்தான் எடுத்துப் போனேன். வாளியில் பாஸ், கடலில் ஃபெயில். மூன்றாவதை மல்லிகா தன் கைக்காசில் வாங்கினாள். வாங்கிக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்: "இதுவும் நனைஞ்சா, அடுத்த வாரத்துலருந்து எதிர் ஃப்ளாட் மோகனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க கரையில நின்னு கை தட்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மோகன் அன்றைக்கே புதுத் தொப்பி வாங்கிவிட்டார். பன்னிரண்டு வருடமாக நான் உட்காரும் இடம் அது. வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

பத்து மணிக்குக் கிருஷ்ணகிரி. பக்கத்து இருக்கைக்காரர் வாணியம்பாடியில் ஏறியவர். குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு பார்க்கப் போகிறார். நான் அடிக்கடி டப்பாவைத் திறந்து கருவியைப் பார்ப்பதையே கவனித்துக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டே விட்டார்.

"சுகர் மிஷினுங்களா சார்?"

"இல்லீங்க. படகுல மாட்டுறது. திசை காட்டும்."

"கடல்லயா?"

"ஆமாங்க."

"கடலுக்கு எதுக்கு சார் ஓசூர் போறீங்க?"

நியாயமான கேள்வி. கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர் ஓசூர். ஆனால் தண்ணீர் புகாத ரப்பர் வளையமும், ஆடாமல் அசையாமல் பிடிக்கும் கிளாம்பும், நாள் முழுக்கக் குலுங்கும் வண்டிகளுக்காகச் செய்து பழகியவர்கள் அங்கேதான் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் குந்தாரப்பள்ளி வந்துவிட்டது. அவர் இறங்கும்போது, "நல்லபடியா முடியட்டும் சார்" என்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்கு ஓசூர். பஸ் நிலையத்திலிருந்து பாகலூர் ரோட்டில் இருக்கும் முனிராஜின் பட்டறைக்கு ஆட்டோ 130 ரூபாய். முனிராஜுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டித் தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்துகொடுப்பவர். கருவிக்குத் தண்ணீர் புகாத பெட்டி செய்ய அளவுகளைப் பத்து நாள் முன்பே போனில் வாங்கியிருந்தார். நான் போனபோது அவர் மில்லிங் மெஷினில் நின்றவரிடம் கன்னடமும் போனில் தெலுங்கும் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

"பொட்டி ரெடி சார். டிராயிங்ல ஒரு பாயின்ட் கூட மிஸ் ஆவல. பதினெட்டு வருஷத்துல எங்கிட்ட இருந்து போன பீஸு ஒண்ணு கூட ரிட்டர்ன் வந்ததில்ல."

வெள்ளை நைலான் கட்டியைக் குடைந்து செய்த பெட்டி, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் மூடி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வளையம். நான்கு மூலையிலும் திருகாணி. அடியில் பாய்மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். அதில் மோட்டார் சைக்கிள் ரப்பரை வைத்திருந்தார். கருவியை உள்ளே வைத்து மூடிப் பார்த்தோம். வடக்கு பன்னிரண்டு டிகிரி நகர்ந்து நின்றது. திறந்தால் சரியாகிவிட்டது. மறுபடி மூடினோம், மறுபடி நகர்ந்தது.

"வடக்கு எப்பவுமே அங்கதான சார் இருந்துச்சு?" என்று முனிராஜ் கவலையோடு சுவரைப் பார்த்தார்.

திருகாணிதான் காரணம். இரும்பு. ஐந்தே நிமிடத்தில் நான்கையும் பித்தளைக்கு மாற்றினார். வடக்கு தன் இடத்துக்குத் திரும்பியது. பிறகு ஒரு தாளில் 'திருகாணி - பித்தளை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கருவியை வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியைப் பட்டறை வாளியில் அரை மணி நேரம் அமுக்கினோம். உள்ளே ஒரு துளி இல்லை. முனிராஜ் மூடியில் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்தார். அவர் ஊர் வழக்கப்படி அது தேர்ச்சிப் புள்ளி.

எனக்கு அது போதவில்லை. வாளியை நம்பி ஒரு முறை ஏமாந்தவன் நான். படகு தலைகீழாகப் புரண்டால் பெட்டி ஆழத்துக்குப் போகும், அலை அடிக்கும். "ஆழமான தண்ணி எதுவும் இருக்கா?" என்று கேட்டேன். முனிராஜ் யோசித்தார். ஏரியில் முழங்கால் அளவு. ஆற்றில் கழிவு நுரை. பிறகு தொடையில் தட்டினார்.

"ஆழந்தான சார் வேணும்? எங்க மச்சான் போருக்குப் போலாம் வாங்க."

ஒன்றரை மணி. முனிராஜின் ஸ்கூட்டரில் பாகலூருக்கு அந்தப்பக்கம் ஏழு கிலோமீட்டர். அவர் மச்சான் பிளாஸ்டிக் குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார். போர்வெல் மோட்டார் இரண்டு நாள் முன்பு எரிந்துபோய், உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகக் கட்டி, அன்றைக்கு மறுபடி இறக்க வந்திருந்தார்கள். முக்காலி நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, அதன் கீழே பனியன் தெரியச் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றவர் மாதப்பன். மோட்டார் இறக்கும் மெக்கானிக். முப்பது வருடமாக அதே வேலை.

"ஆயிரத்து நூறு அடி சார் இது. தண்ணி முந்நூறுல நிக்குது" என்றார். பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

தண்ணீர் உள்ளே போகாமல் இருப்பதற்கு என்றேன்.

"நாங்க தண்ணிக்காவ ஆயிரம் அடி தோண்டுறோம். நீங்க தண்ணி வேணாம்னு மெட்ராஸ்ல இருந்து வந்துருக்கீங்க" என்று சொல்லி, தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். ஆனால் வேலையில் ஆள் கெட்டி. கிளாம்பை ஆட்டிப் பார்த்து, "புடிக்குது. ஆனா இத மட்டும் நம்பாதீங்க" என்று ஒரு நைலான் கயிற்றை வெட்டிப் பெட்டியின் காதில் முடிச்சுப் போட்டார். மோட்டாரைக் குழாய் தாங்கினாலும் கூடவே ஒரு கயிறும் கட்டித்தான் அவர்கள் இறக்குவார்கள். முதல் கருவியோடு இப்படி ஒரு கயிறு இருந்திருந்தால் அது இன்றைக்கும் என் வீட்டில் இருந்திருக்கும்.

கருவியை டிபன் டப்பாவிலேயே விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகப் பெட்டிக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தேன். நனைந்தால் தெரிந்துவிடும். நான்கு திருகாணியையும் நானே முறுக்கினேன். மிதக்காமல் இருக்க முனிராஜ் ஒரு இரும்புத் துண்டைச் சேர்த்துக் கட்டினார். அந்த நேரம் பார்த்து மச்சான் வீட்டிலிருந்து டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் எறக்கி வுட்டுர்றேன்" என்றார் மாதப்பன். டீயோடு முறுக்கு வந்தது, ரோஜாவின் ஏற்றுமதி விவரம் வந்தது. கால் மணி ஆனது.

நாங்கள் திரும்பியபோது கயிறு முந்நூற்று இருபது அடி உள்ளே போயிருந்தது. அரை மணி காத்திருந்தோம். முனிராஜ் வாட்சைப் பார்த்தார். நான் முனிராஜைப் பார்த்தேன். மூன்றே காலுக்கு மாதப்பன் கயிற்றை இழுத்தார். பெட்டி மேலே வந்தது. மூடி வழியாகப் பார்த்தேன்.

உள்ளே விளிம்பு வரை தண்ணீர்.

கண் முன்னால் மோகனின் புதுத் தொப்பி. முனிராஜின் முகத்தைப் பார்க்க என்னைவிடப் பாவமாக இருந்தது. "சான்ஸே இல்ல சார்... சான்ஸே இல்ல" என்று திருகாணியைக் கழற்றினார். தண்ணீரைக் கொட்டினார். ரப்பர் வளையத்தை எடுத்து விரலால் தடவினார். வெட்டு இல்லை, மடிப்பு இல்லை. பச்சைப் புள்ளியை நகத்தால் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். பதினெட்டு வருடக் கணக்கு அந்தப் போர்வெல் ஓரத்தில் முடிந்துபோனதாக அவருக்கு எண்ணம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தண்ணீர் உள்ளே வந்தது சரி. பேப்பர் எங்கே?

பெட்டிக்குள் இல்லை. கொட்டிய தண்ணீரிலும் இல்லை. கரைந்திருந்தால் கூழாவது இருக்க வேண்டும். நானும் முனிராஜும் குனிந்து தரையில் தேடினோம்.

"என்னா சார் தேடுறீங்க? இதா?" என்று மாதப்பன் சட்டைப் பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினார். மடிப்புக்கூடக் கலையவில்லை. "உள்ள கெடந்துச்சு. நனஞ்சு போய்டப் போவுதுன்னு எடுத்து வெச்சேன்."

"எப்ப எடுத்தீங்க?" என்றேன்.

"தண்ணி ரொப்புறதுக்கு முன்னாடி."

முனிராஜ் மெதுவாக நிமிர்ந்தார். "அண்ணா, நீயா தண்ணி ரொப்புன?"

"பின்ன? ரொப்பாம எப்புடி எறக்குவாங்க? நல்ல தண்ணியா ஒரு லோட்டா புடிச்சு, குமிழி இல்லாம ரொப்பி, டைட்டா மூடித்தான் எறக்குனேன்."

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்துப் போர்வெல் மோட்டார்களுக்குள் சுத்தமான தண்ணீரை நிரப்பித்தான் கிணற்றுக்குள் விட வேண்டும். காய்ந்த மோட்டாரை இறக்கினால் காயில் எரிந்துவிடும். முப்பது வருடத்தில் மாதப்பன் எதையும் வெறுமனே கிணற்றுக்குள் விட்டதில்லை. டீ குடிக்கப் போன பட்டணத்து ஆள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டானே என்று பரிதாபப்பட்டு, நான்கு திருகாணியையும் கழற்றி, எனக்காக அந்தக் குறையைச் சரிசெய்திருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முனிராஜ் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் சிரிப்பின் காரணம் புரியாவிட்டாலும் மாதப்பன் தன் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. "ரொப்புன தண்ணி அப்படியே இருந்துச்சா இல்லியா? ஒரு சொட்டு வெளிய போச்சா? அப்ப பொட்டி சுத்தம்" என்றார்.

இன்னொரு முறை இறக்கலாம் என்றால் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாளாக ரோஜாவுக்குத் தண்ணீர் இல்லை, மோட்டார் உடனே இறங்க வேண்டும். எனக்கும் ஐந்து மணி பஸ். பெட்டிக்கு 1,800 ரூபாய். பித்தளைத் திருகாணிக்குத் தனியாக வாங்க மாட்டேன் என்றார் முனிராஜ். பச்சைப் புள்ளியை மறுபடி வைப்பதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் அரைப் புள்ளி வைத்தார். "மீதிய நீங்க கடல்ல வெச்சுக்கோங்க சார்."

சூளகிரி தாண்டும்போது மல்லிகா போன் செய்தாள்.

"என்ன ஆச்சு? ஆழத்துல விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"எடுத்தப்ப உள்ள தண்ணி இருந்துச்சா?"

நான் பொய் சொல்லிப் பழக்கப்படாதவன். "இருந்துச்சு. ஆனா அது நாங்களே ஊத்துன தண்ணி."



"தண்ணி போகாத பெட்டி செய்யத்தானே போனீங்க?"

"ஆமா."

"அதுக்குள்ள நீங்களே தண்ணி ஊத்துனீங்க."

"நான் ஊத்தல, மாதப்பன்தான்..."

"நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு, காலை எட்டு மணி, சென்னைக் கடல். நல்ல காற்று. பாய்மரத்தில் கிளாம்பை முறுக்கி, மாதப்பனின் கயிற்றையும் கட்டினேன். உள்ளே மல்லிகாவின் கருவி. இரண்டாவது மிதவை வரை நாலாவது இடத்தில் இருந்தோம். எண்கள் பளிச்சென்று தெரிந்தன. கிளாம்ப் இம்மியும் ஆடவில்லை. அந்த அழகைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில், பாயைத் தளர்த்தி விடச் சொல்லி மல்லிகா கத்தியது என் காதில் விழவில்லை. படகு சாய்ந்தது. சாய்ந்ததோடு நிற்காமல் தலைகீழாகப் புரண்டு, பாய்மரம் கடலடியைப் பார்த்து நின்றது. பெட்டியும் அதோடு கீழே. நிமிர்த்த ஏழு நிமிடம் ஆனது.

பதினோரு படகில் ஒன்பதாவதாக வந்தோம். கரையில் மோகன் தொப்பியோடு நின்றார். மல்லிகா குழாயில் கையைக் கழுவினாள், துடைத்தாள். பெட்டியை நன்னீரில் கழுவித் துணியால் ஒற்றி, நான்கு திருகாணியையும் அவளே கழற்றினாள். கருவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். அது எந்தப் பதற்றமும் இல்லாமல் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலைப் பெட்டிக்குள் விட்டு, மூலை மூலையாகத் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு இல்ல" என்றாள்.

எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது. பன்னிரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை அவள் என்னிடம் ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். டிபன் டப்பாவைத் திறந்து மூடினேன்.

அவள் மோகனைத் திரும்பிப் பார்த்தாள். "வெயில் ஏறுது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் ஏழு மணிக்கே வந்துடுங்க. பொட்டிய பாக்காதீங்க, பாயப் பாருங்க."