ஆஸ்ட்ரியின் அப்பாவை என்னவென்று சொல்வது

ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியில் வசந்தம் வந்தால் டுக்னாட் வரும். எல்லா வீட்டுக்காரரும் கூடி முற்றம் கூட்டி, குப்பை அள்ளி, கடைசியில் வாஃபிள் தின்று கோப்பி குடிப்பது. ஊரில் இதைச் சிரமதானம் என்போம். அங்கே தும்புத்தடியை விட வாய்தான் கூட வேலை செய்யும். இங்கே வருடம் முழுக்கத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் அயலவர்கள் அந்த ஒரு நாள் மட்டும் தாராளமாகக் கதைப்பார்கள். மேல்மாடி ஆஸ்ட்ரி, எழுபது கடந்த பெண்மணி, என் பக்கத்தில் சருகு கூட்டியபடி, “போர்க்காலத்தில் என் அப்பா நீர்விமானத்தில் ஸ்கொட்லாந்துக்குப் பறந்தார்” என்றார். “எந்தப் போர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நோர்வேக்காரருக்குப் போர் என்றால் ஒரேயொரு போர்தான். ஜெர்மன்காரர் வந்து ஐந்து வருடம் நாட்டைப் பிடித்து வைத்திருந்த போர். எங்களிடம் அப்படிச் சொன்னால் எந்தச் சண்டை, எத்தனையாவது இடப்பெயர்வு என்று கேட்காமல் கதை நகராது.

அந்த வெட்கம்தான் என்னை ஆராய்ச்சிக்குள் தள்ளியது. பகலில் இரத்தம் சோதிக்கும் ஆய்வுகூட வேலை. ஓய்வு நேரமெல்லாம் வட்டார வரலாற்றுச் சங்கம். நாடு விழுகிற நேரத்தில், வடக்குக் கரையில் எஞ்சிய விமானிகள் சிலர் நீர்விமானங்களில் கடல் கடந்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பதில் மிதவை. மலைகளுக்கிடையே நுழைந்த கடலான ஃபியோர்ட்டின் தண்ணீரே ஓடுபாதை. எரிபொருள் போகக் காணும், திரும்பி வரப் போதாது. இந்த எரிபொருள் கதையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் போர்க்காலப் பெற்றோல் தடைக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்தார் நாங்கள். என் கணவர் அப்படித்தான் கிளாலிக் கடனீரேரிக் கரைவரை வந்து, மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, குடாநாட்டை விட்டு வெளியேற வள்ளம் ஏறினார். நோர்வே விமானிகளைப் பற்றி வாசிக்க வாசிக்க, எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று ஒரு பெருமை எனக்குள் ஏறிக்கொண்டே வந்தது.

இந்த விமானிகளைப் பற்றி ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபத்தில் பேசச் சொன்னார்கள் சங்கத்தார். ‘விமானத்தில் போன அகதிகள்’ என்று தலைப்பு வைத்தேன். அகதிக்கு இங்கே ‘ப்ளிக்நிங்’. அறிவித்தலைக் கண்டதும் ஆஸ்ட்ரி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். “என் அப்பா ப்ளிக்நிங் இல்லை. அவர் விமானி. அந்தச் சொல்லை எடுத்தால்தான் நீங்கள் கேட்ட அவருடைய படத்தைத் தருவேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடு பறிபோய் இன்னொரு நாட்டில் போய் இறங்கியவரை வேறு என்னவென்று சொல்வது? அந்தச் சொல்லுக்குத்தான் இந்த நாடு எங்களுக்குக் கதவு திறந்தது. அது என்ன தொற்றுநோயா?

இங்கேயே பிறந்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அபி, ஆஸ்ட்ரியின் பக்கம் நின்றாள். “அம்மா, விமானி எண்டு மாத்திப் போடுங்கோவன். ஃபெர்டி, பிரச்சினை முடிஞ்சுது.”

“உன்ரை அப்பா ஆர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?”

“இன்ஜெனியோர்.” யோசிக்கவே இல்லை.

“ப்ளிக்நிங்கா வந்தவர் எண்டு சொல்லமாட்டியோ?”

“சொன்னால் உடனை ஆக்கள் பாவம் பாப்பினம். எங்கடை அப்பாவை ஏன் பாவம் பாக்கவேணும்?”

அப்போதுதான் ஆஸ்ட்ரியும் எனக்கு விளங்கினார். எழுபது கடந்த ஒருத்தியும் இருபது கடந்த ஒருத்தியும் தங்கள் அப்பாமாருக்குக் காவல் நிற்கிறார்கள். விளங்கியது சரி, ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். தலைப்பை மாற்றவில்லை.

படம் இல்லாமலே பேசினேன். கடல் கடந்ததையும், போர் முடிந்து ஆஸ்ட்ரியின் அப்பா ஊர் திரும்பியதையும் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் ஆஸ்ட்ரி எழுந்தார். “என் அப்பா விமானி. அகதி அல்ல.” என் நோர்வேஜியன் அந்த நேரம் பார்த்துத்தான் காலை வாரியது.

முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அபி எழுந்தாள். “என் அப்பா பொறியியலாளர். அகதியாகவும் இருந்தவர். இரண்டும்தான்,” என்றாள், தங்குதடையில்லாத ஒஸ்லோ நோர்வேஜியனில். “இதோ இருக்கிறார்.” எல்லோரும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்ட்ரியும் நெடுநேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மனம் மாறியதோ இல்லையோ, தெரியாது. யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் போய்க் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் என் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னார்: “பிள்ளை நல்லாத்தான் கதைச்சவள். ஆனா ‘இருந்தவர்’ எண்டெல்லோ சொல்லிப்போட்டாள். ஆஸ்ட்ரியின்ரை தேப்பன் திரும்பி வந்திட்டார், அவருக்கு முடிஞ்சுது. நான் எப்பவப்பா முடிச்சனான்?”

சொல்லிவிட்டு எழுந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்து, கைதட்டுகிறவர்களுக்கு நோர்வேஜியனில் நன்றி சொன்னார்.