பட்டில்லாத பெட்டிக்கு ரசகற்பூரம்

நேற்று ஒன்பதாம் வகுப்பில் பதங்கமாதல் நடத்தினேன். திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாகிப் போவது. எடுத்துக்காட்டு, நாப்தலீன். வீட்டில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் வகுப்பே விழிக்கிறது. "வெள்ளையா, உருண்டையா, பட்டுப் புடவைக்கு நடுவுல போடுவாங்களே?" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பாத்ரூம்ல போடுறதா மிஸ்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு பாடம் ஓடவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "எங்களுக்கே தலை சுத்துது, உக்காருங்க மிஸ்" என்று அவர்களே சொல்லும்படி ஆகிவிட்டது.

இந்த உட்கார முடியாத வியாதி எனக்குப் பழசு. அதை விடுங்கள், முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் அது நாப்தலீன். படித்தவர்கள் வீட்டில் அந்துருண்டை. அந்து என்றால் துணியை அரிக்கிற பூச்சி. மளிகைக் கடையில் பாச்சை உருண்டை. ஆரணியில் எங்கள் தெருவில் ரசகற்பூரம் என்பார்கள். என்பார்களே தவிர, வாங்குகிறவர்கள் குறைவு. அதைப் போட்டுவைக்கப் பட்டு வேண்டுமே.

ஆரணி என்று சொன்னதும், "அப்போ வீடு பூரா பட்டா இருக்குமே?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் கூடத்தில் முக்கால்வாசியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் பட்டு நூல் முதலாளியுடையது, ஜரிகையும் அவருடையது. நெய்து முடித்துத் தறியிலிருந்து புடவையை அறுத்த அன்றைக்கே மடித்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார் அப்பா. சில நாள் அம்மாவும் கூடப் போவாள். முதலாளியம்மா பீரோவைத் திறக்கும்போது குப்பென்று ரசகற்பூரம் அடிக்குமாம். "இன்னா வாசன தெரியுமா!" என்று வீட்டுக்கு வந்தும் மூக்கை உறிஞ்சுவாள். அவளுக்கு அதுதான் வசதியின் வாசனை.

அக்காவுக்குக் கண்ணமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாதச் சம்பளக்காரர். அக்காவுக்கும் பிடித்திருந்தது, போட்டோவை என்னிடம் காட்டாமல் அவளே வைத்துக்கொண்டதில் எனக்குத் தெரிந்துபோயிற்று. தரகர் மட்டும் போகிறபோது, "ஆரணிப் பொண்ணு நூல் பொடவையோட வந்தா ஊர் சிரிக்கும்னு மாப்ளயோட அம்மா சொல்றாங்க" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மா ஒரு பொட்டலம் ரசகற்பூரத்தோடு வந்தாள். டிரங்குப் பெட்டியில் எங்கள் நூல் புடவைகளுக்கு நடுவே பாதியைப் போட்டாள். மீதி பரண்மேல், பாய்க்கு அடியில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால்கூட.

"பொட்டியத் தொறந்தா பாக்கப் போறாங்க? வாசன வந்தா போதும், இருக்குதுன்னு நெனச்சிக்குவாங்க."

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா, "கல்யாணத்துக்கு அப்புறம் இன்னா பண்ணுவ?" என்றார்.

"மொதல்ல ஆவட்டும்."

பெண் பார்க்க வந்த அன்று நல்ல வெயில். சூட்டில் வீடு முழுக்க நெடி ஏறிக் கண் எரிந்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததுமே தும்மினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பட்டு நெறைய வெச்சிருக்கீங்களோ?" என்று கேட்டார்.

"ஏதோ நாலஞ்சு இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"ஒண்ணு கொண்டாங்களேன், பாக்கலாம்."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சாவி எங்க வெச்சேன்னு..." என்று இழுத்தாள். பூட்டே இல்லாத பெட்டி அது. அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பொட்டில பட்டு இல்லீங்க. எங்கப்பா நெய்யறதெல்லாம் மொதலாளி வூட்டுக்குப் பூடும். இது வெறும் ரசகற்பூரம்."

குரல் நடுங்கவே இல்லை. ரேஷன் கடையில் அளவு குறைந்தால் சண்டை போடுவாளே, அதே கணீர்க் குரல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளைகூட லேசாகச் சிரித்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"தெரியும்மா" என்றபடி அவர் அம்மா எழுந்தார். "பட்டு இருக்கற பொட்டிக்கு ரெண்டு உருண்ட போதும். எனுக்குத் தெருமொனையிலயே தும்மல் வந்துச்சி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்று பஸ் ஏறினார்கள்.

சொல்லி அனுப்பவில்லை. தரகர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அக்கா எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள். அவளோடு நானும் போய்த் திரும்புவேன். அம்மா ஆசைதீரத் திட்டியிருந்தால் தேவலை. "உன் வாய்தான் உனுக்கு எமன்" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. அக்கா எதிர்த்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வரன் சேத்துப்பட்டு. அவர்களும் பட்டைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா குனிந்த தலை நிமிராமல், "இருக்குதுங்க" என்றாள். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அப்பா ஒரு புடவை வாங்கி ஒப்பேற்றினார். கல்யாணம் நன்றாகவே நடந்தது.

அந்த வீட்டை இடித்து வேறு யாரோ மாடி கட்டிவிட்டார்கள். பெட்டி எங்கே போனதோ. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதையெல்லாம் காலம் என்று விட்டுவிடலாம். அக்காவின் அந்தக் குரலை மட்டும் என்னால் விட முடியவில்லை. அன்றைக்குக் கேட்டதுதான் கடைசி.

நேற்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் அவள் வீட்டுக்காரர் எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறேன்." பக்கத்து அறைக்குக் கேட்காத குரல்.

"உண்மையச் சொல்லுக்கா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள்: "நீ சாப்ட்டியா?"