படத்தில் தெரியாத கட்டி

பிள்ளைகளே, நீங்கள் காப்பாரில் சித்தி வீட்டில் இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவின் மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

"அப்புறம் என்ன, வீட்டுக்குப் போலாம்லா," என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "படத்துல இல்லாட்டியும் கைக்குத் தட்டுப்படுதே, டாக்டர்."

டாக்டர் ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேனும் எடுத்தார். அதில் கட்டி தெரிந்தது. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய். சிறிதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது யார் கட்டி இருக்கிறது என்று சொன்னாலும், ஒரு படத்தோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன்.

அறுவை முடிந்த அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் தனியாகத் திரும்பினேன். பேச ஆளில்லை. அம்மாவுக்குக் கொஞ்ச நாள் கையைத் தூக்க முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பின்புறம் துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்து, அம்மாவின் தோளுக்குக் கீழே வரும்படி இறக்கிக் கட்டினேன்.