ஒண்டிக்கடையில் எனக்கு வந்த சல்யூட்

நடந்ததை எண் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.
1. இன்று காலை முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு சல்யூட் வைத்தார்.
2. எனக்குச் சந்தேகம் வந்தது.
3. நானும் பதிலுக்கு வைத்தேன். மரியாதைக்கு மரியாதை, அதில் தவறில்லை.

எங்கள் மலையூரில் ஒண்டிக்கடை என்ற சந்திப்பில், மழைக்காக ஒரு டீக்கடையில் ஒதுங்கியிருந்தேன். குளிருக்கு, தோளில் பட்டை தைத்த பச்சை ஸ்வெட்டர். ரோட்டோரத்தில் வாங்கியது.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எதிரில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். என் கையும் தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

காரணமில்லாமல் யார் சல்யூட் வைப்பார்கள்? சட்டைப்பையிலிருந்த போனை மெல்ல உள்ளே தள்ளினேன்.

"ஏனுங்க ஆபீசர், ஒரு விஷயம் கேக்கோணுங்க."

"என்ன வேணும்?"

"எனக்குக் கிளியூருங்க. பையன் பட்டாளத்துல இருக்கானுங்க. லீவு முடிஞ்சும் போகாம ஊட்டுலயே படுத்துக் கெடக்கறான். இப்பப் போனா ஜெயில்ல போட்டுருவாங்களாங்க?"

நான் ஆபீசர் இல்லை, கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்றேன்.

டீக்கடைக்காரர் சிரித்தார். "சாருங்களா? ஆடு எதுக்க வந்தாலே ஒதுங்கிப் போவாருங்க."

வந்தவர் சிரிக்கவில்லை. "அப்பறம் ஏனுங்க நீங்களும் சல்யூட் வெச்சீங்க?"

நாளைக் காலை இதே கடைக்கு வாருங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னது உண்மைதானா என்று வீடு வரும்வரை யோசித்தேன். அந்த முகத்தில் நடிப்பு தெரியவில்லை.

பட்டாளத்தில் இருந்த நண்பர்கள், அந்தப் பையன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நாளைக் காலை அவர் அதே கடைக்கு வருவார். ஸ்வெட்டரைக் கிண்டல் செய்ய வருபவர்கள் அதற்குப் பிறகு வரலாம்.

மேலே மூன்றாவதாக, தவறில்லை என்று நான் சொன்னதுதான் தவறு.