கீழிருந்து வந்த வெளிச்சம்

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே சிலைகளும் செய்து வந்தேன். மத்திகிரியில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் திருநெல்வேலிக்காரர். அதே கம்பெனியில் பெயிண்ட் பிரிவு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் பங்குக் கோயிலில், பீடத்துக்கு மேலிருக்கும் மாடத்தில் வைக்க ஒரு மாதா சிலை கேட்டார்கள். முதலில் ஒன்றரை அடியில் களிமண் மாதிரி செய்து காட்ட வேண்டும். அப்போது எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலை நேரங்களில் ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்துச் செய்தேன். மூன்று வாரத்தில் முகம் கூடி வந்தது. மடியிலிருக்கும் பிள்ளையைக் குனிந்து பார்க்கிற, சற்றுக் களைத்த அம்மா.

அண்ணன் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி. வாயி மட்டும் இன்னும் கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் ஷிப்ட் மாறியது. நான் காலையில் போனேன், அவர் மதியத்துக்கு மேல். மூன்று மணிக்கு வீடு திரும்பி ஈரத்துணியை விலக்கினால் மாதா சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரி வழுக்கி விழுந்ததைப் பார்த்தவள் போல ஓர் ஏளனம். காலை முழுக்க வீட்டில் தனியாக இருந்தவர் அண்ணன்தான்.

இருட்டியதும் டியூப்லைட் போட்டுக்கொண்டு உதட்டோரத்தைத் தடவிச் சரிசெய்தேன். பழைய அம்மா திரும்பி வந்தாள். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி அதே ஏளனம். துணியும் நான் போட்டபடி இல்லை. நான் விட்டதைவிட ஈரமாக இருந்தது. கவராயத்தால் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே அளந்து ஒரு தாளில் எழுதி வைத்தேன். அடுத்த நாள் அளவு மாறவில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. தாளைப் பார்த்துவிட்டுக் கவனமாகச் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பங்குத்தந்தை வந்தார். அண்ணனும் வீட்டில்தான் இருந்தார். சிலையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "மாதா நம்மளப் பாத்து நக்கல் பண்ற மாதிரி இருக்காங்களே?"

அடக்க முடியவில்லை. "அண்ணே, நீங்கதானே கை வச்சீங்க? ஒரு வாரமா பாக்கறேன்."

அண்ணன் திகைத்துப்போனார். "நான் தண்ணிதான் தெளிச்சேன் தம்பி. நீங்க வர்றதுக்குள்ள காஞ்சு வெடிச்சிரும்லா?"

"பொய் சொல்லாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சற்று நேரத்தில் வெயிலை மேகம் மூடியது. யாரும் தொடாமலேயே, என் கண்ணெதிரே, அந்தச் சிரிப்பு போய்விட்டது. மேகம் விலகியதும் திரும்பி வந்தது. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே பக்கத்து வீட்டுத் தகரக்கூரை. மேற்கு வெயில் அதில் பட்டு, மாதாவின் மோவாய்க்கு அடியில் ஏறிக்கொண்டிருந்தது.

பங்குத்தந்தை போனபின் ஜன்னலைச் சாத்தி, போன் டார்ச்சோடு சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தலைக்கு மேலே பிடித்தால் அழுதாள். பக்கவாட்டில் பிடித்தால் பாதி முகம் இளமை, பாதி கிழடு. காலடியில் வைத்ததும் அதே ஏளனம். மறுநாள் கோயிலுக்குப் போய் மாடத்தை எட்டிப் பார்த்தேன். அங்கே விளக்கு அடிவிளிம்பில்தான் பதித்திருந்தது. டார்ச்சைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு முகத்தை முழுதாக மாற்றினேன். சாதாரண வெளிச்சத்தில் அது உர்ரென்று இருந்தது. மாதிரியை மாடத்தில் ஏற்றியபோது அமைதியாகக் குனிந்து பார்த்தது.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வெளிச்சம் பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீய, விடுங்க" என்றார். அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டார். கம்பெனி பஸ் அங்கிருந்து கிட்ட என்றார். நடந்து பார்த்தேன், தூரம்தான்.

அந்த மாதிரிப்படி சிலையும் முடிந்தது. பங்குத்தந்தை ஜெபம் சொல்லி அதை மந்திரிக்கும் நாளுக்கு அண்ணனை அழைத்தேன். "டூட்டி இருக்கு தம்பி" என்றார். கம்பெனியில் ஒட்டியிருந்த ஷிப்ட் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். அன்று அவருக்கு விடுமுறை.